பழைய பூசைச் சாமியார்

இட்லிக் குண்டானைத் திறந்தால் வருவதற்குப் பேர்தான் ஆவி என்பார். ஜெபத்தில் 'பரிசுத்த ஆவி' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவருடைய மேலுதட்டின் இடது ஓரம் மூக்கை நோக்கி ஏறிவிடும். கூமுட்டையை உடைத்துவிட்டவர் முகம்போல இருக்கும். "இஸ்பிரீத்து சாந்து" என்று திருத்துவார். நாங்கள் திருப்பிச் சொல்வோம். உதடு இறங்கும்.

கோவிலுக்குள் கிதார், பீடத்தில் மைக், குத்துவிளக்கு, காவித் துண்டு, பெண்கள் வாசகம் வாசிப்பது, ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்வது, நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்காமல் கையில் வாங்குவது என்று அந்த உதட்டை ஏற்றுகிற விஷயங்கள் ஏராளம். அறுபதுகளில் ரோமாபுரியில் உலகத்து ஆயர்களெல்லாம் கூடி நடத்திய சங்கத்துக்குப் பிறகு வந்தவை எதுவானாலும் அவருக்கு அருவருப்புதான். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது, சுவரைப் பார்த்திருந்த பீடம் சனங்களைப் பார்க்கத் திரும்பியது எல்லாம் அதற்குப் பிறகுதான். 'மேசைப் பூசை' என்பார் அதை. "ஓட்டல்காரன் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி நிற்கிறான். அவனுக்குப் பேர் குருவாம்."

"சனங்களுக்கு முதுகு காட்டறது மரியாதைங்களா சாமி?" என்று என் அப்பா ஒருமுறை கேட்டார்.

"லாரி டிரைவர் உனக்கு முதுகைக் காட்டித்தானே ஓட்டுகிறான்? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் வண்டி எங்கே போகும்?"

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் அவர். மறுநாள் பட்டறையில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, கோழித் தீவனம் போட்டுவைத்திருந்த பழைய குடோன் ஒன்றில்தான் அவர் பூசை வைத்தார். மூன்று பக்கமும் கோழிப்பண்ணைகள். காற்று திரும்பினால் கோழி எருவின் நாற்றம் கண்ணை எரிக்கும். ஈ மொய்க்கும். அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வந்த புதிதில் குடோனின் தண்ணீர்த் தொட்டியில் எலி செத்து ஊறிக் கிடந்தது. நாங்களெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, கறுப்பு அங்கியின் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள் கையைவிட்டு வாலைப் பிடித்துத் தூக்கிப்போட்டார். உதடு அசையவே இல்லை. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். சளி, எச்சில், சிறுநீர் எல்லாம் தினமும் கையாள்கிறவள். ஆனால் என்னாலேயே அந்தத் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை. இந்த மனிதருக்கு உடம்பின் அசிங்கம் அசிங்கமில்லை, வேறு ஏதோதான் அசிங்கம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவர்மீது எனக்கு மரியாதை வந்தது அப்படித்தான்.

அவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. தெற்கே கடற்கரை ஊர். பேச்சு புத்தகத் தமிழாக இருக்கும். சங்கம் நடந்த காலத்தில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், கோவிலின் சலவைக்கல் கிராதியைப் பெயர்த்துக் கிணற்றடியில் போட்டிருந்ததைப் பார்த்தாராம். பீடத்துக்கு முன்னால் குறுக்கே இருந்த, சனங்கள் மண்டியிட்டு நற்கருணை வாங்கிய தடுப்புக் கிராதி அது. அதன்மேல் ஒரு பெண் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடையும். "எந்தக் கல்லில் என் அம்மா கையைக் கூப்பி நாக்கை நீட்டினாளோ, அந்தக் கல்லில் சோப்பு நுரை" என்பார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் நானும் அவர் பக்கம்தான்.

பிறகு குருவானார். புதிய பூசையையே வருஷக்கணக்காகச் செய்தார். ஒவ்வொரு காலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பீடம் ஏறினேன் என்பார். ஒரு திருவிழாவில் மேளத்துக்குப் பெண்பிள்ளைகள் காணிக்கைத் தட்டோடு ஆடிக்கொண்டு வந்தார்களாம். பூசையைப் பாதியில் நிறுத்தி, உடுப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்தாராம். ஆயர் கூப்பிட்டுப் பேசியும் திரும்பவில்லை. "ஆயருக்காக இல்லை, போப்பாண்டவருக்காகவே ஆனாலும் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

அந்த 'ஓர் எழுத்து' அவர் வாயில் அடிக்கடி வரும்.

நாங்கள் காலனிக்காரர்கள். தாத்தாவின் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரச் சாமியாரிடம் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். பங்குக்கோவிலில் நடுப் பந்தி ஊர்க்காரர்களுக்கு, ஓரம் எங்களுக்கு. எழுதிப்போட்ட சட்டமில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இவர் வந்த செய்தி கேட்டு முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா எங்களை ஒரு மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லத்தீன் முணுமுணுப்பு, மணி, நீண்ட மௌனம். மண்டிபோட்டு முழங்கால் வலித்தது. திரும்பி வரும்போது சொன்னேன், "ஒரு எழவும் புரியலீங்ப்பா."

"நமக்கும் புரியல. அவிங்களுக்கும் புரியாதில்ல கண்ணு?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "தமிழ்ல ஆனதுக்கப்பறம் வாசிக்கறதும் அவிங்க, பாடறதும் அவிங்க, மன்றாட்டுச் சொல்றதும் அவிங்கதான். நம்மளைக் கூப்புடுவானா ஒருத்தன்? லத்தீன்ல அந்தக் கதையே இல்ல. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு மண்டி போடோணும்."

அதற்குப் பிறகு நான் குறை சொல்லவில்லை.

ஆரம்பத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள்தான். அதில் பாதி எங்கள் காலனி. பழைய லாரிச் சட்டங்களை வெட்டி அப்பாவே நற்கருணைக் கிராதி செய்துகொடுத்தார். சாமியார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். சலவைக்கல்லைவிட இது உசத்தி என்றார். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்காருவார். அம்மா களியும் கீரைக் கடைசலும் வைப்பாள். இரண்டாம் உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களும் சாமிதான், குழந்தைகளும் சாமிதான். ஒருநாள் பூசை நடுவில் ஒருத்தி, தவழ்ந்துபோன தன் பிள்ளையை "வா சாமி, இங்க வா சாமி" என்று கூப்பிட, பீடத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டார். பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டார். "குருவுக்கு உரிய வார்த்தையை மூக்கொழுகுகிற பயலுக்குக் கொடுக்கிறீர்களே!"

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க சாமி" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பங்குக்கோவிலின் பங்குச்சாமியான இளம் சாமியார் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வந்ததையும் சொல்ல வேண்டும். பைக்கிலிருந்து இறங்கி, ஜீன்ஸ் பேண்ட்டோடு, "ஹேப்பி கிறிஸ்துமஸ் ஃபாதர்" என்று கையை நீட்டினார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அபிஷேகத் தைலம் பூசிய கை. அதைக் கண்டவனிடமும் நீட்டுகிறாயே, கூசவில்லையா?" என்றார். அந்தப் பையன் முகம் செத்துப்போயிற்று. கேக்கைத் திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். "இதை எங்காவது எறிந்துவிடு" என்றார் இவர் அப்பாவிடம். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் டிரான்ஸ்போர்ட் ஊட்டம்மா வந்தாள்.

லாரிகளும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளும் வைத்திருந்த குடும்பத்தின் வீட்டம்மாள். பங்குக்கோவிலில் முன்வரிசைக்காரர்கள். அங்கே கூட்டம் கூடியதால் நற்கருணை கொடுக்க, எங்கள் பேச்சில் நன்மை கொடுக்க, குருப்பட்டம் இல்லாத பொதுநிலையினர் சிலரைப் பங்குச்சாமி நியமித்திருந்தார். அவர்களில் ஒருத்தி எங்கள் காலனிக்காரி, பள்ளிக்கூட டீச்சர். அவள் கையிலிருந்து வாங்க மாட்டோம் என்று டிரான்ஸ்போர்ட் ஊட்டம்மா வேறு வரிசைக்குப் போனாள். அவளோடு பாதிக் கூட்டமும் போயிற்று. பங்குச்சாமி அசைந்துகொடுக்கவில்லை. டீச்சரை மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் குடும்பமும் இவர்களுடைய ஒறம்பரை சொந்தபந்தமும் கார்களில் வந்து எங்கள் குடோன் முன்னால் இறங்கினார்கள்.

"அபிஷேகமாகாத கையில நன்மை வாங்க மனசு ஒப்பலீங்க சாமி" என்றாள் அந்தம்மா, சேலை முக்காட்டோடு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தாயா, இதுதான் விசுவாசம்" என்று அப்பாவிடம் சொன்னார். டீச்சர் யாரென்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே நம்பினேன்.

தகரக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. தரைக்குக் கிரானைட் வந்தது. அப்பாவின் கிராதிமேல் பித்தளைத் தகடு அடித்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்து, நின்றது. நன்மை வாங்க அவர்கள் வரிசை முதலில் கிராதிக்குப் போகும். அவர்கள் எழுந்து போனபிறகு நாங்கள். அதையும் யாரும் சட்டமாகச் சொல்லவில்லை.

"வயசானவிங்க அவிங்கள்ள நெறையப் பேரு இருக்காங்கல்ல. மொதல்ல வாங்கிட்டுப் போவட்டும்" என்றார் அப்பா. எனக்குக் கல்யாணமாகி அப்போது நிறைமாதம்.

ஞானஸ்நானத்தைப்பற்றி அவர் ஒரு பிரசங்கம் வைத்தார். பிரசங்கம் மட்டும் தமிழில் இருக்கும். பழைய முறையில் குழந்தையின் முகத்தில் குரு ஊதுவார், நாக்கில் உப்பு வைப்பார், தன் எச்சிலைப் பெருவிரலில் தொட்டுக் குழந்தையின் இரண்டு காதிலும் மூக்கிலும் தடவுவார். காது கேளாதவனுக்குச் சேசு அப்படித்தானே செய்தார்! உமிழ்ந்து, தொட்டு, 'எப்பத்தா, திறக்கப்படு' என்றாரே! "சங்கத்துக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். ஏன்? இவர்களுக்கு எச்சில் அருவருப்பாம். சர்வேசுரனுடைய குமாரனுக்கு வராத அருவருப்பு இவர்களுக்கு வந்துவிட்டது. தொடாத கை என்ன குருவின் கை?" உதடு மூக்கைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தது. கோவிலில் ஈ பறப்பது கேட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பிரசங்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் குழந்தைக்கு இதே இடத்தில்தான் ஞானஸ்நானம் என்று அங்கேயே முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்குப் பங்குக்கோவிலில்தான் வைக்க ஆசை. நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஞானஸ்நானம் என்று சொல்லியிருந்தார். குழந்தைக்கு அம்மா பட்டுத்துணியில் சட்டை தைத்திருந்தாள். கோவில் வாசலிலேயே சடங்கு ஆரம்பித்தது. ஊதும்போது கொஞ்சம் தள்ளி நின்று ஊதினார். தலைமேல் கை வைக்கிற இடத்தில் கை தலைக்கு மேலே நிழல்போல நின்றது, இறங்கவில்லை. உப்பைச் சின்னக் கரண்டியில் எடுத்து வைத்தார். எனக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. எச்சில் தடவுகிற இடம் வந்தது. நான் குழந்தையின் காதை மூடியிருந்த துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பக்கத்துத் தட்டிலிருந்து பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்தார். தண்ணீரில் நனைத்தார். காதுமடலில் ஒற்றினார், மூக்கில் ஒற்றினார். "எப்பத்தா" என்றார். பஞ்சைத் தட்டில் போட்டார். பிறகு தைலத்துக்கும் வேறொரு பஞ்சு. தலையில் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான் முழுசாக நடந்தது. ஆரம்பத்திலிருந்து முடியும்வரை அவருடைய விரல் என் குழந்தைமேல் எங்கேயும் படவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். டிரான்ஸ்போர்ட் ஊட்டம்மா பக்கத்தில் நிற்கவில்லை. நாலு அடி தள்ளித் தூணோரம் நின்று அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சக் கொழந்தை. ஏதாச்சும் தொத்திக்கும்னு யோசிச்சிருப்பாரு" என்றார் அப்பா வீட்டுக்கு வந்து. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் மறுபடியும் சொன்னார்.

கொஞ்ச நாளிலேயே அந்தம்மாவின் பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. சேலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் குழந்தையோடு பின்னால் நின்றேன். வேண்டுமென்றேதான் போனேன். அவர் அந்தப் பையனின் முகத்துக்கு நெருங்கிக் குனிந்து ஊதினார். உச்சந்தலையில் உள்ளங்கை முழுசாகப் படிந்தது. அப்புறம் பெருவிரலைத் தன் நாக்கில் வைத்து நன்றாக நனைத்து, பையனின் வலது காதில் தடவினார், இடது காதில் தடவினார், மூக்கில் தடவினார். எச்சில் பளபளத்தது. அந்தம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

அப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் எனக்குக் கேட்டது.

பூசை முடிந்ததும் அப்பா நேராகச் சக்ரீஸ்துக்குள் போனார், உடுப்பு மாற்றும் அறைக்குள். நானும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். சாமியார் பூசை உடுப்பை முத்தமிட்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளப்பா."

"எம் பேத்திக்குப் பஞ்சுல ஒத்துனீங்க. இந்தப் பையனுக்கு வெரல்ல தொட்டீங்க. ஏனுங்க?"

மடிப்பு நின்றது. "சுகாதாரக் காரணம் இருந்தால் எச்சிலை விட்டுவிடலாம். சங்கத்துக்கு முன்பே உள்ள அனுமதிதான். புத்தகத்திலேயே இருக்கிறது."

"எம் புள்ளைக்கு என்னங்க நோவு?" என்றேன் நான். "இல்ல, உங்களுக்கு நோவுங்களா? அப்படீன்னா இன்னிக்கு அந்தப் பையனை எப்படித் தொட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினார். "அன்றைக்கு உங்கள் ஞானஸ்நானம் முடிந்ததும் பூசை. அதே விரலால் நான் அவர்கள் நாக்கில் நன்மை வைக்க வேண்டும். முந்தின நாளே அந்த அம்மாள் வந்து கேட்டுக்கொண்டார்கள்."

"கை கழுவிட்டுத்தானுங்க பூசைக்கு ஏறுவீங்க?" என்றார் அப்பா.

"கழுவுவேன். சொன்னேன். கேட்கவில்லை."

"அதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?"

வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர்கள் எழுந்து போனால் இந்தக் கூரை போய்விடும். பீடம் போய்விடும். இந்தப் பக்கத்தில் பழைய பூசை என்பதே நின்றுபோகும். அதற்கு முன்னால் இது சின்ன விஷயம். உன் பேத்தியின் ஞானஸ்நானம் செல்லும். ஒரு குறையும் கிடையாது."

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். "ஆயரு சொல்லி மாத்தலீங்க. போப்பாண்டவரு சொன்னாலும் ஒரு எழுத்து மாத்த மாட்டேன்னீங்க. அந்தம்மா வந்து சொன்னதும் மாத்திட்டீங்களே சாமி."

அந்த உதடு ஏறும் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவார், சாபம்கூட விடுவார் என்று நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. கெஞ்சுகிற முகத்தோடு அப்பாவிடம் சொன்னார். "நான் உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேனப்பா. உனக்குத் தெரியாதா என்னை?"

"ஆமாங்க, சாப்பிட்டீங்க" என்றார் அப்பா. "அதுக்கு நாங்க நன்றி சொல்லோணுங்களா?"

என் அப்பா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. வெளியே வந்து, பீடத்தின் முன்னால் எப்போதும்போல ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தார். கிராதிக் கதவைத் திறந்து எங்களை முன்னால் விட்டு, தான் வந்து, மறுபடியும் சாத்தினார். அந்த வாசலை அவர் அப்புறம் மிதிக்கவே இல்லை. காலனியிலிருந்து போய்க்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். யாரும் வந்து கூப்பிடவில்லை. எங்களுக்குப் பிறகு அங்கே கூட்டம் இன்னும் கூடியதாகத்தான் கேள்வி.

பங்குக்கோவிலுக்கே திரும்பினோம். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தமிழில் பாடுகிறோம், கையில் நன்மை வாங்குகிறோம், பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்கிறோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு சுவர் இன்றைக்கும் இருக்கிறது. எந்தச் சங்கமும் அதன் பக்கம் வரவில்லை. அப்பா சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைக்கப்பட்டார்.

அப்பா போய் ஒரு வருஷம் இருக்கும். அப்போது நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கின் ஆய்வகத்துக்கு மாறியிருந்தேன். ஒரு மத்தியானம் ரிப்போர்ட் கொடுக்க வெளியே வந்தபோது, காத்திருக்கும் பெஞ்சில் அந்தக் கறுப்பு அங்கி. உடம்பு பாதியாகியிருந்தது. கழுத்துப் பட்டை தளர்ந்து தோளில் தொங்கியது. கூட வந்த ஆள் மாத்திரை வாங்கப் போயிருந்தான்போல. தனியாக இருந்தார். பார்க்காததுபோலப் போயிருக்கலாம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வெல்டர் மகள்தானே?"

"ஆமாங்க."

"அப்பா சுகமா?"

"போய்ட்டாருங்க. வருசமாச்சு."

கையைத் தூக்கிச் சிலுவை வரைந்தார். கண்ணை மூடி லத்தீனில் ஏதோ சொன்னார். உதடுகள் நடுங்கின. அந்த நொடியில் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது என்பதை மறைப்பானேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போகுமுன் அவஸ்தைப் பூசுதல் கிடைத்ததா?"

"கெடைச்சுதுங்க. பங்குச்சாமி வந்தாரு."

சொல்ல வேண்டும்போல இருந்தது, சொன்னேன். அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, வாயிலிருந்து நுரை வழிந்துகொண்டே இருந்தது, பந்து விளையாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து சாமியார் அப்படியே பைக்கில் வந்துவிட்டார், கட்டிலிலேயே ஏறி உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டார், நாங்கள் துணி எடுத்து வருவதற்குள் தன் கையாலேயே அந்த நுரையை வழித்து வழித்துத் துடைத்தார், அந்தக் கையாலேயே நெற்றியில் தைலம் பூசினார், அப்பா அவர் மடியில்தான் போனார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அங்கி போட்டிருந்தாரா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னங்க?"

"விளையாடுகிற இடத்திலிருந்து வந்தார் என்றாயே. அங்கி இல்லாமலா? பனியனோடா பூசினார்? ஜெபம் எதில் சொன்னார், தமிழிலா?" தலையை ஆட்டிக்கொண்டார். "பாவம் உன் அப்பன். நல்லவன். அவனுக்கா இப்படி ஒரு சாவு."

அதற்குள் டாக்டர் அறையிலிருந்து அவருடைய முறையைக் கூப்பிட்டார்கள். எழப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. என்னைப் பிடித்து எழுந்துகொள்ளக் கையை நீட்டினார். நீளமான, சுத்தமான விரல்கள். தினமும் எத்தனையோ பேரின் எதையெல்லாமோ தொடுகிறேன், ஒருநாளும் கை கூசியதில்லை. அந்தக் கையைத் தொட எனக்கு உடம்பு ஒப்பவில்லை. ரிப்போர்ட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நர்ஸம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். "இவரைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க."